பாகற்காய்க்குச் சட்டை

கரடிப்போக்குச் சந்தியிலிருந்து உள்ளே மூன்றாவது ஒழுங்கை.
'சாரி பிளவுஸ், பள்ளிச் சீருடை, அளவு திருத்தமும்.'
கடைக்குப் பின்னால் கிடந்த நிலத்தை
இடுப்பு அளக்கும் நாடாவால்தான் அளந்தேன்.
நீளம் இருநூற்றுப் பத்து அங்குலம்
அகலம் நூற்றெழுபது,
மூலையில் மலக்குழி மூடி கழிய.

காணிக்காரர் நல்லைநாதன் சிரித்தார்:
"இதுக்குள்ள மோட்டச்சைக்கிள் விடலாம் பிள்ளை,
தோட்டம் செய்யேலாது."

மாரிக்கு முன்னம் கொத்தினேன்.
சீமெந்துக் கட்டி, ஓட்டுத் துண்டு,
குழந்தைச் செருப்பு ஒற்றை,
பச்சையேறிய பித்தளைக் கோது நான்கு.
நிறுவைக்குக் காணாது என்றான்
பழைய இரும்பு எடுக்கிறவன்.

பெயின்ற் வாளிகளில் கத்தரி. சுவரோரம் பயிற்றை.
குழாய்க்கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால்
வாளியைச் சுற்றி வெள்ளைக் கோடு,
துணி வெட்ட நான் சோக்கால் கீறினதுபோல.
மிளகாய் அந்தத் தண்ணீரோடு கோபித்துச் செத்தது.
பாகல் மட்டும்
கரைத்துணி நாடாவைப் பிடித்து
கேபிள் வயர்வரை போனது.

பிறகு பழ ஈ.
விரலளவிலேயே குத்திவிடும்.
ஒருபக்கம் வளைந்து, மஞ்சளித்து,
பிளந்தால் உள்ளே நெளியும்.
மருந்துக் கடைக்காரன் போத்தலைக் காட்டினான்.
திங்கப் போறது நான் எல்லோ என்று திரும்பி வந்து
மெசினில் குந்தினேன்.

ஒன்பது அங்குலம் உயரம், அடி மூடி,
கழுத்துக்கு இழுகயிறு.
லைனிங் துண்டு, கைவெட்டில் மிஞ்சியது,
அதிபர் ரீச்சரின் ஊதா, கலியாணப் பட்டின் ஓரம்.
காய்க்கு ஒரு சட்டை.
ஒழுங்கை முழுக்கச் சிரித்தது.
"அக்கா, பாகற்காய்க்கும் கூலி எடுக்கிறியளோ?"
சிரித்தவர்கள் வேலிக்கு மேலால்
தங்கள் தங்கள் துணியைத் தேடினார்கள்.

சித்திரையில் துண்டுகள் முடிந்தன.
காய்கள் முடியவில்லை.
மேல்தட்டில் ஒரு பை:
இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு, சசிறேகா,
கடுகு மஞ்சள், பச்சைக் கரை.
தைத்து இரண்டு வருடம் எட்டு மாதம்.
அந்த நம்பர் இப்போது பாவனையில் இல்லை.

கொக்கி ஆறையும் பிரித்து டப்பாவில் போட்டேன்.
முதுகில் மூன்று சட்டை, முன்பக்கத்தில் நான்கு.
கை இரண்டுக்கும்
அடியை மூடினால் போதுமாய் இருந்தது.

வந்தாள்.
சோளகம் அடிக்கிற ஒரு மத்தியானம்,
துண்டு கடவுச்சீட்டு உறைக்குள் இருந்ததாம்,
இலக்கம் அழியவில்லை.
குவைத் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.
நானும் ஒன்றும் சொல்லாமல்
பின்பக்கம் கூட்டிப்போனேன்.

காற்றில் ஒன்பதும் ஆடின.
ஒன்றைப் பிடித்து
தையலை விரலால் தடவினாள்.
"இது என்ர கை எல்லோ."
"ஓம். மற்றது அங்கால."

சண்டைக்கு நான் ஆயத்தமாகத்தான் நின்றேன்.
அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள்.
வெயில் படாத காய்.
"வெளிறிப் போச்சே."
"வெளிறும். கைப்பு குறையாது."
சிரிப்பு எங்கிருந்தோ வந்தது அவளுக்கு,
இருமலோடு.

உள்ளே கூட்டி வந்து புதிதாய் அளந்தேன்.
முப்பத்தெட்டு, முப்பத்திமூன்றாய் இருந்தது.
பழைய அளவில் இருந்திருந்தாலும்
இனிப் போட்டிருக்க ஏலாது
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
நியாயம் இல்லைத்தான்.

துணிக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை.
தையல் கூலி வைத்தாள், நான் வாங்கவில்லை.
கடைசியில் ஐந்து காயைச் சட்டையோடேயே
பையில் போட்டாள்.
அந்தக் கைக்குள் இருந்ததை மட்டும்
திரும்ப முடிந்துவிட்டாள்.
"இது முத்தட்டும். புதன்கிழமை வாறன்."

இன்றைக்கு வெள்ளி.
பயிற்றை பிடுங்கியாயிற்று,
நல்லைநாதன் மோட்டச்சைக்கிளோடு வந்து
இரண்டு கத்தரிக்காயோடு போயாயிற்று.
அதை நான் ஆயவில்லை.
காய் பருத்து, தையல் ஓரம் விட்டு
செம்மஞ்சளாய் ஏதோ தெரிகிறது.